ஜிக்ஜாக் மெஷினில் ஓரத் தையலும் பூத்தையலும்: புதிதாகப் பழகுபவர்களுக்கு

மெஷினின் முகப்பில் அலை, இலை, முக்கோணம், ஏணி என்று வரிசையாகப் படம் போட்டிருக்கும். டயலைத் திருப்பி மிதித்தால் அதே படம் துணியில் விழுந்துவிடும் என்றுதான் புதிதாக வாங்கியவர்கள் நினைப்பார்கள். முதல் நாள் கிடைப்பது என்னவோ சுருங்கிய துணியும், அதன் அடியில் குருவிக்கூடு போல ஒரு நூல் பந்தும். டயலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊசி இடமும் வலமும் ஆடும்போது நூல் துணியை இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே இழுக்கிறது. மெல்லிய துணிக்கு அந்த இழுப்பைத் தாங்கும் உடம்பு கிடையாது, குவிந்துவிடும். அதனால் ஓரத் தையலானாலும் பூத்தையலானாலும் பாதி வேலை துணிக்கு உடம்பு கொடுப்பதில் இருக்கிறது. கஞ்சி, இஸ்திரி, அடியில் ஒரு காகிதம் என்று எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். அவற்றைத் தாண்டிப் போகிறவர்கள்தான் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் டயலோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

கீழே சொல்லியிருப்பவை உஷா ஜனோமி, சிங்கர், பிரதர் போன்ற வீட்டு ஜிக்ஜாக் மெஷின்களுக்குப் பொருந்தும். பழைய கறுப்பு மெஷினில் ஊசி மேலும் கீழும் மட்டுமே போகும், பக்கவாட்டில் ஆடாது. அதில் மடித்துத் தைக்கும் ஓரம் வரை செய்யலாம். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத்தான் ஃபுட் என்கிறோம். அதன் மேல் பொறித்திருக்கும் எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் இங்கே ஒவ்வொன்றையும் அதன் உருவத்தை வைத்தே சொல்லியிருக்கிறோம்.

தொடங்கும் முன்

மிதியில் கால் தெரியாமல் பட்டுவிட்டால் ஊசி விரலில் இறங்கும். ஊசியோ ஃபுட்டோ மாற்றும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

ஊசிக்குக் கீழே உள்ள தகடான பிளேட்டையும் ஃபுட்டையும் பாருங்கள். ஊசி இறங்கும் துளை பக்கவாட்டில் அகலமாக இருந்தால் ஜிக்ஜாக் போடலாம். ஒரே ஒரு சிறு வட்டத் துளை இருந்தால் அது நேர்த்தையலுக்கு மட்டுமானது, டயலை மாற்றி மிதித்த முதல் தையலிலேயே ஊசி உடையும். எந்த டிசைன் போடுவதானாலும், மிதிக்கும் முன் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகத் திருப்பி முழுதாக ஒரு சுற்று டிசைனைக் கையால் ஓட்டிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் ஊசி எதிலும் இடிக்காமல் இறங்கினால் பிறகு மிதிக்கலாம்.

டிசைன் டயலைத் திருப்பும்போது ஊசி துணிக்கு வெளியே, மேலே நிற்க வேண்டும். ஊசி துணிக்குள் இருக்கும்போது திருப்பினால் ஊசி வளையும். கண்ணுக்கே தெரியாத வளைவுதான், ஆனால் அன்று முழுக்கத் தையல் விட்டு விட்டு விழும்.

ஊசிக்கு 11, 14, 16 நம்பர்கள் போதும். வாயில், ஷிஃபான், ஜார்ஜெட், மெல்லிய பட்டுக்கு 11. பிளவுஸ் துணி, சுடிதார் காட்டன், பாப்ளினுக்கு 14. ஜீன்ஸ், கெட்டித் திரைத்துணிக்கு 16. டி-ஷர்ட் துணிக்கு முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசி வேண்டும். சாதா ஊசியின் கூர்முனை அந்தத் துணியின் கண்ணிகளை அறுத்துவிடும், சில இடங்களில் தையலும் விழாது. கடையில் கேட்கும்போது வீட்டு மெஷின் ஊசி என்று சொல்லி வாங்குங்கள். பவர் மெஷின் ஊசியின் தண்டு முழு உருண்டை. வீட்டு மெஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பெரும்பாலான ஜிக்ஜாக் மெஷின்களில் அந்தத் தட்டைப் பக்கம் பின்னால் பார்க்க வேண்டும். ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றிவிட்டுத்தான் திருகை இறுக்க வேண்டும்.

மேல்நூல் கோக்கும்போது ஃபுட் தூக்கியபடி இருக்கட்டும். ஃபுட் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் இரண்டும் மூடிக்கொண்டிருக்கும். நூல் அவற்றின் நடுவே போகாமல் மேலேயே தங்கிவிடும். முதலில் சொன்ன குருவிக்கூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கூடு அடியில் தெரிவதால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றிப் பார்ப்பார்கள், தப்பு மேலே இருக்கும்.

சாம்பிள் துண்டு

தைக்கப்போகும் அதே துணியில், அதே மடிப்பு எத்தனை அடுக்கோ அத்தனை அடுக்கில், ஒரு சாண் நீளத் துண்டு எடுத்துத் தைத்துப் பாருங்கள். காடாத் துணியில் அழகாக வந்த டிசைன் ஜார்ஜெட்டில் சுருண்டு போகும்; ஒரு துணியின் கணக்கு இன்னொன்றுக்குச் செல்லாது. சரியாக வந்ததும் அந்தத் துண்டின் மேலேயே பேனாவால் டிசைன் எண், அகலம், நீளம், டென்ஷன், ஊசி நம்பர் ஐந்தையும் எழுதி வையுங்கள். பத்துப் பதினைந்து துண்டு சேர்ந்தால் மெஷினோடு வந்த புத்தகத்தைவிட அதுதான் அதிகம் உதவும்.

அகல டயல் ஊசி எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதைச் சொல்வது. சாதாரண டயல் மெஷின்களில் 5 மில்லிமீட்டர் வரையும், கம்ப்யூட்டர் மெஷின்கள் பலவற்றில் 7 மில்லிமீட்டர் வரையும் போகும். நீள டயல் ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே துணி எவ்வளவு நகர்கிறது என்பது. நேர்த்தையலுக்கு 2.5. ஜிக்ஜாக்கில் 1.5 வைத்தால் இடைவெளி தெரியும் பல்வரிசை; 0.4 வைத்தால் இடைவெளியே இல்லாத பட்டை.

மடித்துத் தைக்கும் ஓரம்

சுடிதார் டாப்பின் அடிப்பகுதி, உள்பாவாடை, திரைச்சீலை, தலையணை உறை எல்லாவற்றுக்கும் இதுதான். 1 இன்ச் ஓரம் வேண்டுமானால் 1¼ இன்ச் விட்டு வெட்டுங்கள். முதலில் ¼ இன்ச் மடித்து இஸ்திரி, பிறகு 1 இன்ச் மடித்து இஸ்திரி. உள்பக்கம் மேலே இருக்க, உள்மடிப்பின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி 2.5 அல்லது 3 நீளத்தில் நேர்த்தையல். இஸ்திரி போடாமல் விரலால் மடித்துக்கொண்டே தைத்தால் மேல் அடுக்கு மெல்ல முன்னால் நகர்ந்து ஓரம் கயிறு போல முறுக்கிக்கொள்ளும். பிறகு எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அந்த முறுக்கு போகாது.

பக்கத் தையல் வந்து சேரும் இடத்தில் துணி ஆறேழு அடுக்காகிவிடும். ஃபுட்டின் மூக்கு மேட்டில் ஏறி மேலே பார்க்கும், தையல் அங்கேயே நின்று ஊசி ஒரே துளையில் குத்திக்கொண்டிருக்கும். மடிக்கும் முன்பே அந்த இடத்தில் உள்தையல் பிசிறை மூலைவாட்டாக நறுக்கிவிடுங்கள். அப்படியும் மேடாக இருந்தால், மேட்டின் அதே கனத்துக்கு ஒரு துணித் துண்டை மடித்து ஃபுட்டின் பின்பாதிக்கு அடியில் செருகுங்கள். ஃபுட் சமமாக நின்றதும் தானாகக் கடக்கும்.

அம்பர்லா கட், ஏ-லைன் போன்ற அகன்ற ஓரத்தில் 1 இன்ச் மடிப்பு சரிவராது. வெளி வட்டம் பெரிது, உள் வட்டம் சிறிது. மடித்தால் மிச்சத் துணி சுருக்கமாக நிற்கும். அரை சென்டிமீட்டர் மடிப்புக்கு மேல் போகாதீர்கள். அதோடு, வெட்டித் தைத்த உடனே ஓரம் அடிக்காமல் ஓர் இரவு ஹேங்கரில் தொங்கவிடுங்கள். கிராஸாக, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, வரும் பகுதிகள் தம் கனத்திலேயே கீழே இறங்கும். மறுநாள் தரையிலிருந்து அளந்து சமமாக வெட்டிய பிறகுதான் மடிக்க வேண்டும்.

டி-ஷர்ட் துணிக்கு இரட்டை ஊசி போட்டால் மேலே இரண்டு இணைகோடும் அடியில் ஜிக்ஜாக்குமாக விழும், இழுத்தாலும் அறாது. இரட்டை ஊசியோடு அகல டயலை பூஜ்யத்தில் வையுங்கள். அகல டிசைன் போட்டால் இரண்டில் ஒன்று பிளேட்டில் மோதி உடையும்.

பிசிறடைப்பு, புடவை ஓரம்

வெட்டு விளிம்பு பிரியாமல் இருக்க அகலம் 4 முதல் 5, நீளம் 1.5 முதல் 2. ஊசியின் இடது குத்து துணியிலும் வலது குத்து விளிம்பை ஒட்டி வெளியே வெறுமையிலும் விழ வேண்டும். இரண்டு குத்தும் துணிக்குள்ளேயே விழுந்தால் விளிம்பு பிரிவது நிற்காது. மிக வெளியே விழுந்தால் விளிம்பு உருண்டு குழாயாகிவிடும். மெல்லிய துணிக்குச் சாதா ஜிக்ஜாக்கைவிட, ஒவ்வொரு சாய்கோட்டையும் மூன்று சிறு தையலாகப் போடும் டிசைன் நல்லது. முகப்பில் விட்டு விட்டுப் போட்ட ஜிக்ஜாக் கோடாக அதைக் காட்டியிருப்பார்கள்.

புடவைக்கு ஓரம் அடிப்பதும் ஜிக்ஜாக்தான், துணி மட்டும் வழுக்கும். வெட்டு முனை நேராக இல்லாவிட்டால் அடித்த ஓரமும் கோணலாகவே வரும். கைத்தறி, காட்டன் புடவையில் குறுக்கே ஒரு நூலை உருவிவிடுங்கள். உருவிய இடத்தில் தெரியும் கோட்டில் கத்தரித்தால் அச்சு பிசகாமல் நேராக வரும். பிறகு 5 மில்லிமீட்டர் உள்பக்கம் மடித்து இஸ்திரி. அகலம் 2.5 முதல் 3, நீளம் 0.8 முதல் 1. வலது குத்து மடிப்பின் விளிம்புக்குச் சற்றே வெளியே விழும்படி மடிப்பின் மேலேயே அடியுங்கள். முடித்ததும் அடியில் மிச்சமிருக்கும் பிசிறைச் சின்னக் கத்தரியால் தையலை ஒட்டி நறுக்க வேண்டும். கத்தரியைத் துணிக்கு இணையாகப் படுக்க வைத்து நறுக்கினால் புடவை வெட்டுப்படாது.

ஷிஃபான், ஜார்ஜெட்டில் தொடக்க முனையை மெஷின் உள்ளே இழுத்து விழுங்கிவிடும். ஒரு விரல் நீளக் காகிதத் துண்டை முதலில் ஃபுட்டுக்கு அடியில் வைத்து, அதில் இரண்டு தையல் போட்டுவிட்டு அப்படியே துணிக்குள் போங்கள். மேல்நூல், பாபின் நூல் இரண்டின் வாலையும் 10 சென்டிமீட்டர் விட்டுப் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். பட்டுப் புடவையின் முந்தானையில் குச்சு கட்டுவதாக இருந்தால் அந்த முனையில் ஓரம் அடிக்காதீர்கள். குச்சுக்கு அந்தப் பிரிநூல் வேண்டும்.

வெளியே தெரியாத ஓரம்

ஃபார்மல் பேண்ட், பாவாடை, கனமான திரைச்சீலை, சல்வாரின் கால் ஓரம் இவற்றில் வெளியே தையல் கோடு தெரியாமல் இருந்தால் அழகு. பிளவுஸுக்கும் புடவை ஃபால்ஸுக்கும் கையால் போடும் ஹெம்மிங்கின் வேலையை மெஷின் செய்வது இது. முகப்புப் படத்தில் நாலைந்து சிறு தையலும், பிறகு ஒரே ஒரு கூம்பு இடப்பக்கம் நீட்டிக்கொண்டும் இருக்கும். இரண்டு வகை உண்டு. சிறு தையல்கள் நேர்கோடாக இருந்தால் அது சாதா துணிக்கு. அவையே குட்டி ஜிக்ஜாக்காக இருந்தால் இழுபடும் துணிக்கு. இதற்கான ஃபுட்டின் நடுவே நிற்கும் ஒரு தகடு, மடிப்பை ஒட்டி ஓட வழிகாட்டும்.

எல்லோரும் தடுமாறுவது மடிப்பில்தான், தையலில் அல்ல. ஆகவே ஒரு காகிதத்தை எடுத்து முதலில் அதில் மடித்துப் பழகுங்கள்.

முதலில் வெட்டு விளிம்புக்கு ஜிக்ஜாக் அடித்துப் பிசிறை அடைத்துவிடுங்கள். அடுத்து, துணியின் உள்பக்கம் மேலே தெரிய விரித்து, ஓரத்தை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மடித்து இஸ்திரி போடுங்கள். 1½ இன்ச் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த மடித்த ஓரத்தை மொத்தமாகத் துணியின் நல்ல பக்கத்துக்கு அடியில் திருப்பிவிடுங்கள். ஜிக்ஜாக் அடித்த விளிம்பு மட்டும் 6 மில்லிமீட்டர் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் துணி இசட் எழுத்து போல அடுக்கியிருக்கும். இடப்பக்கம் முழுத் துணி, அதன் விளிம்பில் ஒரு மெல்லிய மடிப்பு, அதற்கு வலப்பக்கம் நீட்டிய விளிம்பு. அந்த நிலையில் குண்டூசி குத்துங்கள். வழுக்கும் துணியானால் ஓட்டுத்தையல் போட்டுவிடுவது உத்தமம்.

ஃபுட்டின் தகட்டோடு மடிப்பு ஒட்டிப் போகும்படி வையுங்கள். சிறு தையல்கள் நீட்டிய விளிம்பில் மட்டும் விழும். கூம்பு மட்டும் இடப்பக்கம் எட்டி மடிப்பின் நுனியில் ஓரிரண்டு இழையை மட்டும் கடிக்க வேண்டும். நீளம் 2, அகலம் 2 முதல் 3 என்று தொடங்கி, கைச்சக்கரத்தால் கூம்பு எங்கே விழுகிறது என்று பார்த்து அகலத்தையோ தகட்டின் திருகையோ கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஓரம் முடிந்ததும் துணியைப் பிரித்து நல்ல பக்கத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 1 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி தெரிந்தால் சரி. புள்ளிக்குப் பதில் ஏணிப்படி போலக் குறுக்குக் கோடு தெரிந்தால் ஊசி அதிகம் கடிக்கிறது, அகலத்தைக் குறையுங்கள். சில இடங்களில் ஓரம் கழன்று தொங்கினால் கூம்பு மடிப்பைத் தொடவே இல்லை. புள்ளி இருக்கும் இடம் பள்ளமாக இழுத்துக்கொண்டிருந்தால் மேல்நூல் டென்ஷனை ஒன்றோ ஒன்றரையோ தளர்த்துங்கள்.

நூல் துணியின் நிறத்திலேயே இருக்கட்டும். அச்சாக நிறம் கிடைக்காவிட்டால் ஒரு சாயல் அடர்த்தியானதை எடுங்கள். இளநிற நூல் புள்ளியாகப் பளிச்சிடும். இஸ்திரியை உள்பக்கத்தில் மடிப்பின் அடிவிளிம்பில் மட்டும் போடுங்கள். ஜிக்ஜாக் அடித்த மேல்விளிம்பின் மீது அழுத்தினால் அதன் தடம் முன்பக்கம் கோடாகப் பதிந்து, இவ்வளவு பாடுபட்டதும் வீண்.

புடவை ஃபால்ஸையும் இதே முறையில் வைக்கலாம். ஃபால்ஸ் காட்டன் என்றால் முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கி, புடவையின் அடிப்பக்கம் கொசுவம் போலச் சுருண்டுகொள்ளும். கெட்டிக் காட்டனிலும் கரை அகலமான புடவையிலும் மெஷின் ஃபால்ஸ் நன்றாக நிற்கும். மெல்லிய பட்டு, ஷிஃபான் புடவைக்குக் கை ஹெம்மிங்கே மேல். ஊசி கடிக்கும் ஒவ்வொரு இடமும் அதில் தெரியும். ஒருமுறை பிரித்தால் துளையும் நிற்கும்.

சுருட்டு ஓரமும் சிப்பி ஓரமும்

துப்பட்டா, கைக்குட்டை, குழந்தை ஃப்ராக்கின் ஃப்ரில் இவற்றுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டுமே சுருட்டித் தைப்பது சுருட்டு ஓரம். இதற்கான ஃபுட்டின் முன்னால் நத்தை ஓடு போல ஒரு சுருள் இருக்கும். மூலையில் ¼ இன்ச் சதுரத்தைச் சாய்வாக நறுக்கிவிடுங்கள், கனம் குறையும். முதல் 8 சென்டிமீட்டரைக் கையால் 3 மில்லிமீட்டர் வீதம் இரண்டு முறை மடித்து இஸ்திரி போட்டு, ஃபுட்டுக்கு அடியில் வைத்து நாலு தையல் போடுங்கள். ஊசியைத் துணிக்குள் நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, மடிப்பின் விளிம்பைச் சுருளுக்குள் நுழைத்து ஃபுட்டை இறக்குங்கள். இனிமேல் வேலை வலது கைக்குத்தான். வெட்டு விளிம்பைச் சற்றே மேலே தூக்கி, நேராக, எப்போதும் ஒரே அளவு சுருளுக்குள் போகும்படி ஊட்ட வேண்டும். அதிகம் ஊட்டினால் கட்டையாகி அடைக்கும்; குறைந்தால் வெட்டு விளிம்பு வெளியே எட்டிப் பார்க்கும். ஷிஃபானில் முதல் நாளே இது வராது. கஞ்சி போட்ட மல் துணியில் இரண்டு மூன்று மீட்டர் பழகிக்கொள்ளுங்கள்.

சிப்பி ஓரத்துக்குத் தனி ஃபுட் வேண்டாம். வாயில், மல், மெல்லிய டிரிகாட் போன்ற மென்துணியைக் கிராஸாக மடித்துக்கொள்ளுங்கள். முன்பு சொன்ன கூம்பு டிசைனையோ, மெஷினில் இருந்தால் சிப்பி டிசைனையோ போட்டு, மேல்நூல் டென்ஷனை 6 முதல் 8 வரை இறுக்குங்கள். அகலக் குத்து மடிப்பின் விளிம்பைத் தாண்டி வெளியே விழ வேண்டும். அந்த நூல் இறுகும்போது மடிப்பு இடுங்கி வரிசையாகச் சிப்பி விழும். மற்ற இடத்தில் குறையென்று சொல்லும் இழுப்பு இங்கே மட்டும் வேலைக்கு உதவுகிறது. இரவு உடையின் கழுத்துக்கும் குழந்தைச் சட்டையின் கைக்கும் பாங்காக இருக்கும். முடித்ததும் டென்ஷனை மறக்காமல் 4க்குத் திருப்பிவிடுங்கள்.

சாட்டின் பட்டை

இலை, அலை, வைரம், உருண்டை என்று நிறைந்து தெரியும் டிசைன்கள் எல்லாம் நெருக்கமான ஜிக்ஜாக்தான். அந்த நெருக்கமான பட்டைக்கு சாட்டின் தையல் என்று பெயர். இது கைவந்தால் மற்ற டிசைன்கள் பெரிய காரியமில்லை.

ஃபுட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சாட்டினுக்கான ஃபுட்டின் அடியில் அகலமான பள்ளம் ஓடும். மேடாக எழும் தையல் அதன் வழியே பின்னால் வழுக்கிப் போகும். தட்டையான ஃபுட்டை வைத்தால் தையல் அதில் முட்டி நின்று, ஒரே இடத்தில் நூல் குவிந்து கட்டியாகிவிடும். துணி நகரவில்லையே என்று பின்னாலிருந்து இழுத்தால் சில இடங்களில் பட்டை இளைத்து இடைவெளி தெரியும். ஆகவே ஃபுட்டை மாற்றுங்கள், துணியை இழுக்காதீர்கள்.

அடியில் தாங்கு வேண்டும். பட்டர் பேப்பர், டிரேசிங் பேப்பர், வெள்ளைத் தாள் எதுவானாலும் சரி. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். துணிக்கு நல்ல கஞ்சி போட்டு விறைப்பாக இஸ்திரி போட்டுவிட்டு, காகிதத்தை அடியில் வைத்துச் சேர்த்துத் தையுங்கள். முடித்ததும் காகிதத்தை இரண்டு பக்கமும் தையலின் மேல் விரலை அழுத்திக்கொண்டு கிழித்தெடுக்கலாம். நிரந்தர உறுதி வேண்டிய கழுத்துப் பட்டி, பை மூடி போன்ற இடங்களில் ஒட்டும் கேன்வாஸைப் போட்டுவிட்டால் காகிதம் தேவையில்லை.

அகலம் 4, நீளம் 0.5 என்று தொடங்குங்கள். பட்டையில் துணி தெரிந்தால் 0.4, நூல் ஏறி நின்றால் 0.6. மேல்நூல் டென்ஷனை 4லிருந்து 2 அல்லது 3க்கு இறக்குங்கள். மேல்நூல் அடிப்பக்கம் இருபுறமும் சற்றே எட்டிப் பார்க்க வேண்டும். பாபின் நூல் மேலே ஒரு புள்ளிகூடத் தெரியக் கூடாது. அப்படிச் செய்தால் பாபினில் சாதா வெள்ளை நூல் இருந்தாலும் போதும், விலை கூடிய எம்பிராய்டரி நூலை அடியிலும் செலவழிக்க வேண்டாம். நூல் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். 4 மில்லிமீட்டர் அகலம், 0.4 நீளம் என்றால் ஒரு மீட்டர் பட்டைக்கு 2,500 குத்து, மேல்நூல் மட்டும் 10 மீட்டருக்குக் குறையாது. ஒரு ஃப்ராக் ஓரம் தொடங்கும் முன் பாபினை நிறையச் சுற்றிக்கொள்ளுங்கள். நடுப்பட்டையில் பாபின் தீர்ந்தால் ஒட்டுப் போட்ட இடம் தெரியும்.

மூலை திருப்புவதற்கு ஒரே விதிதான். வெளிமூலையில் ஊசி பட்டையின் வெளிவிளிம்பில் இறங்கியிருக்கும்போது நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள், உள்மூலையில் உள்விளிம்பில். மாற்றிச் செய்தால் மூலையில் ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி விழும். வளைவில் ஒரே இடத்தில் அதிகம் திருப்பாமல், நாலைந்து குத்துக்கு ஒரு முறை ஊசியை வெளிவளைவுப் பக்கம் நிறுத்தித் துளித் துளியாகத் திருப்ப வேண்டும்.

இதே சாட்டின் அலை வடிவில் வந்தால் துப்பட்டா, ஃப்ராக் ஓரத்துக்கு அலை விளிம்பு செய்யலாம். விளிம்பிலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே அலையைத் தைத்து, காகிதத்தைக் கிழித்துவிட்டு, வெளியே மிஞ்சும் துணியைத் தையலை ஒட்டி நறுக்கிவிடுங்கள். ஒற்றைத் துணியில் இது நாளடைவில் பிரியும். இரண்டு அடுக்காக்கி, 0.4க்கு நெருக்கித் தைத்தால்தான் துவைப்பைத் தாங்கும்.

மற்ற டிசைன்கள்

ஏணி, இறகு, தேன்கூடு, நட்சத்திரம் போன்றவற்றில் பல, துணியை முன்னும் பின்னும் நகர்த்தித் தைப்பவை. டயல் மெஷின்களில் இதற்கு நீள டயலை எஸ்.எஸ். என்று குறித்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகாவிட்டால் வேறொரு டிசைன்தான் விழும். பின்னால் போகும்போது துணியைக் கையால் பிடித்தால் படம் சிதையும். விரலை மேலே லேசாக வைத்து வழி காட்டுவதோடு நிறுத்துங்கள். இறகு ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குட்டையாக விழுந்தால் எஸ்.எஸ். அருகே உள்ள கூட்டல், கழித்தல் குறியின் பக்கம் டயலை மயிரிழை நகர்த்திச் சரிசெய்யலாம்.

ஓரத்துக்கு மேல் அழகுக்காகப் போடும்போது முதலில் ஓரத்தை மடித்துச் சாதாவாகத் தைத்துவிடுங்கள். பிறகு நல்ல பக்கத்தில் சாக் கோடு கிழித்து, அந்த மடிப்பின் இரண்டு அடுக்கின் மேல் டிசைன் ஓட வேண்டும். ஒற்றைத் துணியில் ஓட்டுவதைவிட இதில் பாதிக்குப் பாதி சுருக்கம் குறையும். ஊசி ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் ஊசியைப் பார்த்துக்கொண்டு தைத்தால் கோடு வளையும். ஃபுட்டின் நடுக்கோட்டைச் சாக் கோட்டின் மேல் வைத்து அதையே பாருங்கள்.

வட்டமான ஓரத்தில் தொடக்கமும் முடிவும் ஒட்டாமல் போவது பலருக்கும் நேர்வது. சாம்பிளில் ஒரு டிசைன் முழுதாக எவ்வளவு நீளம் வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 2 சென்டிமீட்டர் என்றால் 150 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 75 பூ, கச்சிதம். 151 இருந்தால் கடைசி ஐந்து பூவை ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் நீட்டினால் போதும், கண்ணுக்குத் தெரியாது. எப்போதும் பக்கத் தையலில் தொடங்குங்கள், பிசகினாலும் கை மறைத்துக்கொள்ளும்.

நூலில், பாலியஸ்டர் எம்பிராய்டரி நூல் துவைப்பைத் தாங்கும். ரேயான் நூலின் பளபளப்பு அழகுதான், பிளீச்சும் கொதிநீரும் ஆகாது. ஜரிகை நூல் ஊசிக் கண்ணில் உரசி நார் நாராகப் பிரியும். 14 அல்லது 16 நம்பரில் கண் பெரிதான ஊசி போட்டு, டென்ஷனைத் தளர்த்தி, மெதுவாக மிதித்துப் பாருங்கள். அப்படியும் அறுந்தால் ஜரிகையைப் பாபினில் சுற்றிக்கொண்டு, துணியைக் கவிழ்த்து உள்பக்கத்திலிருந்து தையுங்கள். நல்ல பக்கத்தில் ஜரிகை விழும்.

கோளாறு வந்தால்

தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள், மற்ற எதையும் தொடும் முன். பாலியஸ்டர் துணியில் ஏழெட்டு மணி நேரம் ஓடிய ஊசியின் முனை மழுங்கியிருக்கும், விரலில் உரசிப் பார்த்தால் தெரியும். மாற்றியும் போகாவிட்டால் ஊசி முழுதாக மேலே ஏறவில்லை, அல்லது துணிக்கு நம்பர் பொருந்தவில்லை.

பாபின் நூல் மேலே வந்தால் மேல் டென்ஷனைத் தளர்த்துங்கள். தளர்த்தியும் வந்தால் பாபின் கேஸின் தகட்டு இடுக்கில் பஞ்சு சேர்ந்திருக்கும், அல்லது நூல் தகட்டுக்குள் போகாமலே இருக்கும். இரும்பு பாபின் கேஸ் உள்ள மெஷினில் நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு லேசாக உலுக்கிப் பாருங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. சரசரவென்று கீழே போனால் தளர்வு, அசையாவிட்டால் இறுக்கம். அதன் சிறு திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். பாபினும் மெஷின் கம்பெனி சொல்லும் அளவாகவே இருக்க வேண்டும். பார்க்க ஒன்றுபோல இருக்கும் வேறு பாபின் அரை மில்லிமீட்டர் உயரம் கூடினாலும் கேஸுக்குள் உரசும்.

தையல் சரியாக விழுந்தும் துணி சுருங்கினால், அகலத்தை ஒரு மில்லிமீட்டர் குறைத்துப் பாருங்கள், அடியில் இன்னொரு காகிதம் சேருங்கள். அப்போதும் சுருங்கினால் அந்தத் துணிக்கு அந்த டிசைன் ஒத்துவராது. இடைவெளி அதிகமுள்ள வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சாட்டினைப் பிரிக்க வேண்டி வந்தால் மேலிருந்து பிரிக்காதீர்கள். துணியைக் கவிழ்த்து, அடியில் ஓடும் பாபின் நூல்களைத் தையல் பிரிப்பானால் நடுவே வரிசையாக அறுத்தால் மேல்நூல் தானாகத் தளர்ந்து மொத்தமாக வந்துவிடும். துளைகள் தெரிந்தால் தண்ணீர் தெளித்து நகத்தால் நீவி இஸ்திரி போடுங்கள், காட்டனில் மூடிக்கொள்ளும். பட்டில் மூடாது.

சாட்டின் வேலை முடிந்த நாளில் பிளேட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கு நடுவே அடைந்திருக்கும் பஞ்சையும் காகிதத் தூளையும் பிரஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் அது இன்னும் உள்ளேதான் போகும். எண்ணெய் விடும் மெஷினானால் ஒரு சொட்டு விட்டு, அடுத்த முறை நல்ல துணியை வைக்கும் முன் பழைய துணியில் ஒரு முழம் ஓட்டிக்கொள்ளுங்கள்.